பட்டு விரித்த பெட்டி

எங்கள் வீட்டில் இரண்டு அடுப்புகள் எரிந்தன. ஒன்றில் சோறு வெந்தது. இன்னொன்றில் பல் பிடுங்கும் குறடு வெந்தது. இரண்டாவது அடுப்பு கொல்லையில், கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் இருந்தது. மூன்று கல்லைக் கூட்டி நானே போட்டது.

கல்யாணமாகி ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு வந்த புதிதில், என் கணவர் ஒரு பித்தளைக் குண்டானைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். அதற்குள் குறடு, ஊசி, சின்னக் கத்தி, கண்ணாடி எல்லாம் தண்ணீரில் கிடந்தன.

"இதைக் கொஞ்சம் அடுப்புல ஏத்து. நல்லாக் கொதிக்கோணும்" என்றார்.

"ஏனுங்க, கண்டவங்க வாய்க்குள்ள போயிட்டு வந்ததைக் கொண்டாந்து சோத்தடுப்புல வெக்கச் சொல்றீங்களே, இது நாயமா?" என்றேன்.

நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், தன் வாயை லேசில் திறக்க மாட்டார். குண்டானோடு கொல்லைக்குப் போனார். அவர் விறகோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் போய்க் கல்லைக் கூட்டிப் பற்றவைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்தக் குண்டான் என் பொறுப்பாகிவிட்டது. எனக்கும் ஆட்சேபணை இல்லை. சமையலறைக்குள் வராதவரை என்ன வேண்டுமானாலும் வேகட்டும் என்று இருந்தேன்.

அவர் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. அந்தக் காலத்தில் பல்லுக்கென்று படித்துவிட்டு வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. சந்தைக்குச் சந்தை கோணியை விரித்து உட்கார்ந்து, பிடுங்கிய பற்களைக் குவித்துவைத்து ஆள் பிடிக்கிறவர்கள்தான் இருந்தார்கள். என் கணவர் மதராசில் ஒரு பல் டாக்டரிடம் சில வருடங்கள் கூடவே இருந்து தொழில் பழகியவர். அந்த டாக்டர் இவருக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்திருப்பார். ஆனால் இவர் அடிக்கடி எடுத்துச் சொன்னது ஒன்றைத்தான்: கொதிக்காத எதுவும் ஒரு வாய்க்குள் போகக்கூடாது. கடைவீதியை ஒட்டி, முன்னால் வைத்தியசாலை பின்னால் வீடு என்று ஓர் இடம் பிடித்து, "நோவில்லாமல் பல் எடுக்கப்படும்" என்று பலகை மாட்டினார்.

முதல் சில மாதங்கள் எல்லாம் அந்த மதராஸ் சட்டப்படியே நடந்தது. ஒரே ஜோடிச் சாமான், ஒரே குண்டான். யார் வந்தாலும் கொதித்த சாமான்தான். வேலை முடிந்ததும் அது மறுபடி குண்டானுக்குப் போய்விடும்.

ஒருநாள் கடைவீதி மண்டிக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பணமும் உடம்பும் பெருத்த ஆள். அவருக்கு முன்னால் வந்தவன் ஊருக்கு வெளியே சேரியிலிருந்து வந்த வண்டியோட்டி. அவன் பல்லை எடுத்த குறடு குண்டானுக்குள் போனதையும், கொஞ்ச நேரம் கழித்து அதே குண்டானிலிருந்து குறடு ஒன்று தனக்கு வருவதையும் மண்டிக்காரர் பார்த்துவிட்டார். கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பிய்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அந்தக் குறட்டையா என்ற வாயில வெக்கப் பாத்தீங்க?"

"நல்லாக் கொதிக்க வெச்சதுங்க. ஒண்ணும் இருக்காதுங்க" என்றார் என் கணவர்.

"கொதிச்சா எச்சில் போயிருமா?"

எச்சில் என்பது எங்களுக்கெல்லாம் தண்ணீரில் கரைகிற சங்கதியா என்ன? அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்துக் குடித்த செம்பை, எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்தாலும் எங்கள் வீட்டில் தனியாகத்தான் கவிழ்த்துவைப்போம். மண்டிக்காரர் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

மண்டிக்காரர் சும்மா இருக்கவில்லை. கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டார். முன்னறை பெஞ்சு காலியாயிற்று. கொல்லைப்பக்கம் வந்து துவைக்கிற கல்லில் உட்காருகிற சேரிக்காரர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களை வைத்து வீடு நடக்குமா? என் கணவர் மதராசுக்குப் போய் இன்னொரு ஜோடிச் சாமான் பெட்டியோடு வாங்கிவந்தார். மூடியைத் திறந்தால் சிவப்பு வெல்வெட்டில் ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் படுத்திருக்கும். நிக்கல் பூச்சு பளபளக்கும். அந்தப் பெட்டி முன்னறைக்கு. பழைய சாமான் கொல்லைக்கு. இந்த ஏற்பாடு தெரிந்ததும் மண்டிக்காரரே முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். பெஞ்சு மறுபடி நிறைந்தது.

கொல்லைச் சாமான் எப்போதும்போல் கொதித்தது. பெட்டிச் சாமான் கொதிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு யாரும் கேட்கவே இல்லை. ஒரே குண்டானில் இரண்டையும் போடமுடியாது, பெட்டி வாங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். இன்னொரு குண்டான் வைக்கலாமென்றால் சோற்றடுப்பில் வைக்க நான் சம்மதிக்கவில்லை. இன்னொரு கல்லடுப்புப் போட்டிருக்கலாம், போடவில்லை. நம்மவர்கள் வாய் தினம் வேப்பங்குச்சி வைத்துத் தேய்த்த வாய், அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. கண்டதைத் தின்கிறவர்கள் வாய்க்குத்தான் நெருப்பு வேண்டும் என்று நாங்களே தீர்மானித்துவிட்டோம். பெட்டிச் சாமானை நான் கிணற்றிலிருந்து புதிதாக இறைத்த தண்ணீர் விட்டு அலசுவேன். அவர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து வெல்வெட்டில் வைப்பார். மதராஸ் டாக்டருடைய சட்டத்தை அவர் அதற்குப் பிறகு என்னிடம் சொல்லவில்லை.

எங்கள் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் பல்வலியோடு வந்தபோது அவரை எங்கே உட்காரவைப்பது என்று என் கணவர் தடுமாறினார். முன்னறையில் இருப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். பாய் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. நேராகக் கொல்லைக்கு வந்தவர் என் குண்டானை எட்டிப் பார்த்தார்.

"ஆவி பறக்குதே, இந்தச் சாமானையே கொண்டாங்க டாக்டரே. சூடு பட்டதுன்னா எனக்கு ஒரு நம்பிக்கை" என்றார்.

வெல்வெட்டை விட்டுவிட்டுக் குண்டானைக் கேட்ட மனிதரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தோம். யாருடைய புத்தியைப் பார்த்துச் சிரித்தோம் என்று இப்போது யோசித்தால் உடம்பு கூசுகிறது.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ராசிபுரத்தில் சொந்தமாகத் தறிகள் வைத்துப் பட்டு வேட்டி நெய்துகொண்டிருந்தவர். மகளை ஒரு டாக்டருக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை. பட்டம் இல்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தீட்டு, எச்சில் விஷயத்தில் மண்டிக்காரரைப் போல் பத்து பேரை விழுங்கிவிடுவார். மகள் வீட்டிலேயே நான் இறைத்துக் கொடுத்தால்தான் தண்ணீர் குடிப்பார்.

அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடி வலியெடுத்து, மோட்டாரில் சேலத்துக்கு வந்தார். அன்று காலையில்தான் மண்டிக்காரருக்கு ஒரு பல் எடுத்திருந்தது. ஈறெல்லாம் சீழ் வைத்து, அந்த அறையில் நிற்கமுடியாத நாற்றம். அதே குறட்டையும் ஊசியையும் நான் அலசிக் கொடுத்தேன், என் கணவர் துடைத்து வைத்தார். அடுத்ததாக அப்பா உட்கார்ந்தார்.

கொல்லையில் கல்லின்மேல் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். கடலைக்காட்டில் கூலி வேலை பார்க்கிறவள், சேரிப்பெண். அவளுக்கும் கடைவாய்ப் பல்தான். நாற்காலியிலிருந்து பார்த்தால் அவள் உட்கார்ந்திருப்பது தெரியும். அப்பா பார்த்துவிட்டார்.

"மாப்பிள்ளை, அவங்களுக்குப் போட்டது எதும் எனக்கு வராதில்லீங்க?"

"வராதுங்க மாமா. உங்களுக்கு இந்தப் பெட்டி. அவங்க சாமான் வேற" என்று என் கணவர் வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினார்.

அப்பா நிம்மதியாக வாயைத் திறந்தார். பல் சுலபமாக வந்துவிட்டது. அப்புறம் என் கணவர் கொல்லைக்கு வந்து, நான் குண்டானிலிருந்து இடுக்கியால் எடுத்துக் கொடுத்த சாமானை வைத்து அந்தப் பெண்ணுக்கும் எடுத்துவிட்டார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ரத்தம் நின்றபிறகு ஊருக்குப் போகலாம் என்று அப்பா எங்கள் வீட்டிலேயே தங்கினார். மறுநாள் கன்னம் லேசாக வீங்கியது. பல் எடுத்தால் வீங்கத்தான் செய்யும் என்று உப்பு ஒத்தடம் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. தாடை இறுகிப்போய் ஒரு விரல்கூட உள்ளே நுழையவில்லை. வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டியால் தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது.

என் கணவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூடத்துக்கு அழைத்தார்.

"இது இன்னும் கீழ இறங்குச்சுனா மூச்சை அடைச்சிரும்" என்றார்.

"அடைச்சா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். இன்றைக்குப்போல் மாத்திரையும் ஊசியும் வந்து காப்பாற்றுகிற காலம் அல்ல. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பேசிவந்தார். அப்பா படுத்தபடியே கையை ஆட்டி மறுத்துவிட்டார். இறுகிய பல்லுக்கு நடுவில் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது: அங்கே எல்லாரையும் ஒரே கட்டிலில்தானே போடுகிறார்கள், அந்தக் கட்டிலில் செத்தால்கூட எனக்குப் போக்கிடம் இல்லை. நான் அழுதேன், காலைப் பிடித்தேன், கோபத்தில் கத்தவும் செய்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வண்டி வாசலிலிருந்து திரும்பிப் போயிற்று.

அந்த நேரத்தில்தான் கொல்லைப் படல் கதவருகே கூப்பிடும் குரல் கேட்டது. அந்தக் கடலைக்காட்டுப் பெண். மடி நிறைய அவரைக்காய் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சாமி, பல்லு எடுத்த எடத்தைக் காட்டிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க. அன்னிக்கு ஒரு ராத்திரி வலிச்சுதுங்க, அப்புறம் ஒண்ணுமே இல்லீங்க" என்று வாயை அகலமாகத் திறந்தாள்.

என் கணவர் குனிந்து பார்த்தார். ஈறு வீக்கமில்லாமல் சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் பாவம், தனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துப் பயந்துவிட்டாள்.

"ஏனுங்க சாமி, ஏதும் ஆயிப்போச்சுங்களா?"

"இல்ல. உனக்கு நல்லா இருக்குது" என்றார். அவளை அனுப்பிவிட்டு என் அடுப்பருகே வந்து நின்றார். குண்டானில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள். ரெண்டும் கடைவாய்ப் பல்லு. ரெண்டும் நாந்தான் எடுத்தேன்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "அவளுக்கு நீ கொதிக்க வெச்சுக் கொடுத்தே. மாமாவுக்குக் கொதிக்கல."

மண்டிக்காரருடைய சீழ் என் அப்பாவின் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் கிணற்றுத் தண்ணீரில் அலசிக் கொடுத்திருக்கிறேன். எச்சில் என்று சொல்லிச் சமையலறைக்குள் விடாத மகாராணி நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் கணவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. மூன்று வருடம் ஒரு பெரிய மனிதரிடம் கற்றுக்கொண்டதைக் கடைவீதிக்குப் பயந்து விட்டுவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார். ஆஸ்பத்திரி இல்லையென்றால், சீழை வெளியேற்ற அவரேதான் அப்பாவின் தாடையைக் கீறவேண்டும்.

கத்தியும் இடுக்கியும் இன்னும் இரண்டு சாமானும் வெகுநேரம் கொதித்தன. துணியையும் கொதிக்கவைத்தோம். என் கணவர் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு, ஆவி பறக்கிற கத்தியைத் தட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார். அது எந்த வழியாக வந்தது என்று கொல்லைக் கதவைப் பார்த்தார். பிறகு புறங்கையை வாய்மேல் வைத்துக்கொண்டார். மூச்சு இழுத்து இழுத்து வாங்குகிற மனிதர், அந்த நிலையிலும் கையை எடுக்கவில்லை.

"பெட்டி" என்றார். குரல் தொண்டையிலேயே நின்றது. "நம்ம பெட்டி."

"அப்பா, இதுதானப்பா நல்லது, கையை எடுங்கப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

என் கணவர் தட்டோடு முன்னறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வெல்வெட் பெட்டியைத் திறந்தார். அதிலிருந்த சாமானையெல்லாம் வாரி ஜன்னல் கட்டையில் போட்டார். கொதித்த துணியை மடித்து வெல்வெட்டின்மேல் விரித்தார். குண்டானிலிருந்து வந்த கத்தியையும் இடுக்கியையும் அதன்மேல் வைத்து மூடினார். இதற்குள் துணியின் ஈரம் வெல்வெட்டில் இறங்கி ஓரத்தில் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அப்பாவின் முன்னால் பெட்டியை வைத்துத் திறந்தார்.

"நம்ம பெட்டிதானுங்க மாமா."

அப்பா கையை எடுத்தார்.

கீறியதும் வந்ததைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை. கிண்ணம் நிறைந்தது என்று சொன்னால் போதும். அன்று சாயங்காலம் இரண்டு கரண்டி கஞ்சித் தண்ணீர் உள்ளே போயிற்று. மறுநாள் கழுத்து வற்ற ஆரம்பித்தது. அடுத்த வாரம் அப்பா எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று என்னோடு சண்டை போட்டார். அந்தச் சண்டையைக் கேட்டு நான் சந்தோஷத்தில் அழுதேன்.

அவர் ஊருக்குப் போன அன்றே என் கணவர் பெட்டிச் சாமான் அத்தனையையும் கொண்டுவந்து கொல்லைக் குண்டானில் கொட்டினார்.

"இனிமேல் எல்லாம் ஒரே குண்டான்தான்" என்றார்.

"முன்னறையில தெரிஞ்சா?"

"தெரிய வேண்டாம்."

அப்படித்தான் நடந்தது. எல்லாம் ஒன்றாகக் கொதித்தன. வெந்தபிறகு பாதி பெட்டிக்குப் போகும், பாதி கொல்லைத் தட்டுக்குப் போகும். இன்றைக்குப் பெட்டியில் இருந்த குறடு நாளைக்குத் தட்டில் இருக்கும். எது எங்கே போனது என்று எங்களுக்கே தெரியாது. முன்னறைக்காரர்களுக்குக் கொதித்த சாமான் கிடைத்தது, அவர்களுடைய மரியாதைக்கும் ஒரு குறையும் வரவில்லை. நாங்கள் சாமர்த்தியசாலிகள் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராசிபுரத்தில் அப்பா சும்மா இருப்பாரா? அவர் தறியில் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது, ஆட்களை வைத்துத்தான் நெய்துவந்தார். இப்போது தானே தறிக்குழியில் இறங்கினார். வேட்டிக்குப் போட்டிருந்த பாவு நூலில் கடைசியில் மிஞ்சியதை வைத்து, ஒரு முழத்துக்கு வெண்பட்டு நெய்தார். மெல்லிய அரக்குக் கரை. அதைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து என் கணவரிடம் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, என்ற உசுரைக் காப்பாத்துன பெட்டிக்கு இது என்ற கையால. உள்ளுக்குள்ள விரிச்சு வெய்யுங்க" என்றார்.

ஈரம் பட்டுக் கறுத்துப்போன வெல்வெட்டின்மேல் அந்தப் பட்டை நான்தான் வைத்துத் தைத்தேன். ஊசி கையில் குத்திக்கொண்டே இருந்தது.

அப்பா அதோடு நிற்கவில்லை. கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே நான்கு பேர் கூடினாலும் இந்தக் கதைதான். "என்ற மாப்பிள்ளை ஊட்டுல நம்மவங்களுக்குனு தனிப் பெட்டி. கண்ட கழுதைக்குப் போட்டதை நமக்குப் போட மாட்டாரு. அதுனாலதான் நான் இன்னிக்கு உசுரோட உக்காந்திருக்கேன்" என்பார். கூடியிருப்பவர்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டுவார். எல்லாரும் வியப்பார்கள். பந்தியில் அந்தப் பேச்சு வரும்போது நான் பிசைந்த சோற்றை வாயில் வைக்கமுடியாமல் உட்கார்ந்திருப்பேன். அவரை நினைத்து வெட்கம், அவருக்காக வெட்கம், எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்னை நினைத்து வெட்கம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்ல நினைத்த சமயமெல்லாம் ஒரு பயம் வந்தது. "அதுக்கு என்னைச் சாகவே உட்டிருக்கலாமே" என்று அப்பா சொல்லிவிடுவாரோ என்று. சொல்லக்கூடியவர்தான். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டுவிட்டு அவருக்கு மகளாக இருக்க என்னால் முடியாது.

பட்டுப் பெட்டியின் புகழ் பரவிற்று. ராசிபுரத்திலிருந்தும் குமாரபாளையத்திலிருந்தும் நெசவுக் குடும்பங்கள் அதைக் கேட்டே வந்தன. முன்னறை பெஞ்சு போதாமல் இன்னொன்று வாங்கினோம். அப்பா சேலத்துக்குப் பட்டு விற்க வரும்போதெல்லாம் முன்னறையில் வந்து உட்கார்ந்துகொண்டு, காத்திருப்பவர்களுக்குத் தைரியம் சொல்லுவார்.

அப்படி அவர் வந்திருந்த ஒரு நாள், கொல்லைப் படலில் அந்தக் கடலைக்காட்டுப் பெண் நின்றாள். இந்தத் தடவை அவளுக்கு இல்லை. கூட அவள் மகள் இருந்தாள். கல்யாண வயதுப் பெண். ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண்ணே இடுங்கியிருந்தது. தாய் அவளைக் கல்லில் உட்காரவைத்துவிட்டு என் அருகில் வந்தாள். அடுப்பில் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னறைக்கும் கொல்லைக்குமான சாமான் எல்லாம் அதற்குள்தான் கிடந்தன.

"அம்மா" என்று குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கோணுங்க. தப்பா நெனக்கக் கூடாதுங்க."

"சொல்லு."

"உள்ள பட்டுப் பெட்டி ஒண்ணு இருக்குதாமுங்களே. பெரியவருக்கு உசுரு போற நேரத்துல அதுதான் காப்பாத்துச்சுனு ஊரெல்லாம் பேசிக்கறாங்க." மகளைத் திரும்பிப் பார்த்தாள். "என்ற புள்ளைக்கு ஒருக்கா மட்டும் அந்தச் சாமான்ல பாக்கச் சொல்லுங்கம்மா. இது ஒண்ணுதானுங்க எனக்கு. அடுத்தாப்பல நான் கேக்கவே மாட்டனுங்க."

குண்டானைக் காட்டி, இதோ பார், எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது, பெரியவரைக் காப்பாற்றியது உனக்குப் போட்ட சாமான்தான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் கதவு திறந்திருந்தது. முன்னறையில் பெஞ்சு நிறைய ஆட்கள். நடுவில் அப்பா. அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. சொன்னால் சேரிவரைக்கும் போகும், அங்கிருந்து கடைவீதிக்கு வரும், கடைவீதியிலிருந்து ராசிபுரத்துக்குப் போகும்.

"அது எங்களவங்களுக்குனு வெச்சிருக்கறது" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. வேறு யார்மேலும் பழி போட இடமில்லை.

அவள் முகம் மாறியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாறவில்லை. என் பதில் அவள் எதிர்பார்த்ததுதான்.

"தெரியுமுங்கம்மா. புள்ளை மூஞ்சியைப் பாத்ததும் கேட்டுப் பாக்கலாம்னு தோணிப்போச்சுங்க" என்றாள்.

என் கணவர் கொல்லைக்கு வந்தார். நான் இடுக்கியை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தேன். பெட்டியோடு கத்தி வரவில்லை, எங்களிடம் இருந்த ஒரே கத்தி அப்பாவின் தாடையைக் கீறியதுதான். அதையும் வைத்தேன். அந்தப் பெண் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள். மகள் தட்டைப் பார்த்துப் பயந்து உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"வாயைத் தெற சாமி" என்றாள் தாய். "பயப்படாத. இதும் நல்ல சாமான்தான். எனக்கு இதுலதான் நல்லாச்சு."

மகள் என்னைப் பார்த்தாள். அது உண்மையா என்று என்னிடம்தான் கேட்டாள். நான் குண்டானுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். முன்னறையில் அப்பா யாரோ புதிதாக வந்தவரிடம் பட்டுப் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.